மேனேஜரின் எடை

பெட்டி எடை பார்க்கும் தொங்கு தராசில்
அரிசிப் பையோடு தொங்கினார் மேனேஜர்.
ஏழு கிலோ இருநூறு.
பையைக் கழித்தால் ஏழு.
"ஊருக்குப் போற லக்கேஜ்ல இவனைச் சேர்த்தா
கோடாலித் தைலத்தை எல்லாம் எடுத்து வெளிய வைக்கணும்"
என்றான் இருதயராஜ்.
யாரும் சிரிக்கவில்லை. டியூப் எடுத்து இரண்டு நாள்தான் ஆகியிருந்தது.

கூப்பிட்டால் வரமாட்டார்.
ஏசி ஓடும் அறையில்தான் உட்காருவார்.
எந்நேரமும் தூங்கி எழுந்த முகம்.
அந்தப் பூனைக்கு வேறென்ன பெயர் வைப்பது.

வெள்ளிக்கிழமை, சஜா கேம்பின் பின்பக்க மணலில்
மூன்று குழி பறித்தார், மூன்றிலும் உட்கார்ந்தார்.
ஒரு சொட்டு வரவில்லை.
நாலாவது குழியில் கத்தினார்.
அந்தக் குரலை நான் எழுதப்போவதில்லை.
குல் ஜமீன் கம்பெனி பிக்கப்பைக்
கேட்காமலே எடுத்தான்.

அஜ்மானில் டாக்டர் ரீமா, லெபனான்காரர்,
அடைப்பை எடுத்துவிட்டு
நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.
என்ன சாப்பிடுகிறான்?

மத்தி டின், என்றான் பிஜு. அதிலுள்ள எண்ணெயோடு.
பாலில் நனைத்த ரஸ்க், என்றான் மொஷாரஃப்.
குல் ஜமீன் கையாலேயே ஓர் எலும்பை வரைந்து காட்டினான்.
நான் சாம்பார் சாதத்தை ஒப்புக்கொண்டேன்,
கொஞ்சம்தான் என்று சேர்த்துக்கொண்டேன்.
இருதயராஜ் வாயே திறக்கவில்லை.
வராந்தாவுக்கு வந்த பிறகுதான் சொன்னான்:
பிரியாணி. தினமும்.

அவரவர், தான் ஒருத்தன்தான் போடுகிறோம் என்றிருந்தோம்.
ஒரே ராத்திரியில் ஐந்து சாப்பாடு.

வெங்காயம் இவன் ரத்தத்தையே அழித்துவிடும் என்றார் டாக்டர்.
உப்பு வேண்டாம். பால் வேண்டாம்.
அதோடு விடுவார் என்று எழுந்தோம்.
உட்காரச் சொன்னார்.

தண்ணீர் எங்கே வைக்கிறீர்கள், சோற்றுத் தட்டுக்குப் பக்கத்திலா?
தள்ளி வையுங்கள், மூன்று இடத்தில்.
மத்தியான வெயிலுக்கு எங்கே ஒதுங்குகிறான்?
தூக்கம் கலையாமல் படுக்க இடம் உண்டா?
எதைக் கண்டாவது பயப்படுகிறானா?
நாளில் ஒருமுறையாவது
யாராவது அவனோடு விளையாடுகிறார்களா?

பூனை சார்பில் கடகடவென்று பதில் சொல்லிவந்த பிஜு
இந்த இடத்தில் நின்றுவிட்டான்.

எங்கள் மெடிக்கல் எனக்கு ஞாபகம் இருக்கிறது.
நெஞ்சுக்கு ஓர் எக்ஸ்ரே, ஒரு ஊசி ரத்தம்,
ஃபிட் என்று முத்திரை.
எனக்குப் பின்னால் வரிசையில் அறுபது பேர்.

பில் நானூற்று எண்பது திர்ஹம்.
பாதியை டாக்டரே அடித்துவிட்டார்.
மீதியை ஐந்தால் வகுத்தோம்,
மொஷாரஃப் பங்கு அடுத்த சம்பளத்தில்.

இப்போது தீயணைப்பு சிலிண்டருக்கு மேலே
ஒரு தாள் ஒட்டியிருக்கிறது, நாலு மொழியில்.
காலை அரை டின், இரவு அரை டின்.
யார் போட்டாலும் கையெழுத்து.
தேய்ந்த சேஃப்டி ஷூவின் லேஸில்
பாட்டில் மூடியைக் கட்டி
ஷிப்ட் முடிந்து வருகிறவன் பத்து நிமிஷம் இழுக்க வேண்டும்.
முதல் வாரம் மேனேஜர் அதைப் பார்த்த பார்வையில்
எங்கள் எல்லோருக்கும் வேலை போயிருக்க வேண்டும்.
இரண்டாம் வாரம் ஒரு காலை நீட்டினார்.

ஆறு எண்ணூறு.
ஆறு எண்ணூறு.
ஆறு எழுநூற்று ஐம்பது.
தராசை மாற்றச் சொல்லி இருதயராஜ் சண்டை போட்டான்.

நேற்று இரவு இரண்டு மணிக்கு
சமையல்கட்டில் விளக்கு எரிந்தது.
பிடித்துவிட்டோம் திருடனை என்று நானும் பிஜுவும் போனோம்.
தரையில் குல் ஜமீன், எதிரே மேனேஜர்.
நடுவில் தட்டு இல்லை, எலும்பு இல்லை.
பஷ்தூவில் ஏதோ நீளமாகப் பேசிக்கொண்டிருந்தான்.

"போடலை பாய்," என்றான் எங்களைப் பார்த்து.
"கேக்குறான்.
இல்லைன்னு சொல்லிக்கிட்டிருக்கேன்.
சும்மா எழுந்து போக முடியலை."

நாங்களும் உட்கார்ந்தோம்.
மேனேஜர் மூவரையும் முறைத்தார்,
கதவோரக் கிண்ணத்துக்கு நடந்து போய்
நெடுநேரம் தண்ணீர் குடித்தார்.